'பிஃபோர்' என்ன சாதி?

கடமலைக்குண்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். தென்னந்தோப்பில் காவல் வேலை பார்ப்பவர். மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். கூடவே மகளின் ஆங்கிலப் பரீட்சைத் தாளை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறார். இரண்டு இடத்தில் பேனாவால் சுழித்துக் கேள்விக்குறி.

'இதுல என்னங்கய்யா தப்பு? டீச்சர்ட்ட கேட்டா ரூல் அப்பிடித்தான்னு சொல்லிட்டாங்களாம். புள்ள எனக்கு இங்கிலீஷே வராதுன்னு உக்காந்திருச்சு. பதினொண்ணாப்பு சேரவே யோசிக்குது. நீங்களாச்சும் வெவரமாச் சொல்லுங்க' என்று முடித்திருக்கிறார்.

விவரமாகவே சொல்லிவிடுவோம். ஏனென்றால் இது அந்த ஒரு பெண்ணின் விவகாரம் இல்லை.

முதல் சுழி இது. 'ஹி ஃபினிஷ்ட் தி வொர்க் பிஃபோர் தி பஸ் கேம்.' இதில் 'பிஃபோர்' என்பது என்ன வகைச் சொல் என்று கேள்வி. அந்தப் பெண் 'ப்ரெபொசிஷன்' என்று எழுதியிருக்கிறாள். பூஜ்யம். சரியான விடை 'கன்ஜங்ஷன்' என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

இரண்டாவது சுழி. 'பிகாஸ் இட் ரெய்ன்ட் ஹெவிலி, தி பஸ் டிட் நாட் கம்.' இதை சிம்பிள் சென்டென்ஸாக மாற்று என்று கேள்வி. அவள் எழுதியது: 'பிகாஸ் ஆஃப் இட் ரெய்ன்ட் ஹெவிலி, தி பஸ் டிட் நாட் கம்.' இதற்கும் பூஜ்யம்.

பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை. இரண்டிலும் ப்ரெபொசிஷனையும் கன்ஜங்ஷனையும் குழப்பியிருக்கிறாள், அவ்வளவுதானே என்று தோன்றும். இல்லை சார். முதலாவது, தப்பு என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டிய சமாசாரம். இரண்டாவது, உண்மையான தப்பு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது காலை வாரிவிடுகிற தப்பு. நம் பள்ளிக்கூடங்கள் முதலாவதைத் திருத்தவே முக்கால்வாசிப் பீரியடைச் செலவழித்துவிட்டு, இரண்டாவதை மனப்பாடத்தில் தள்ளிவிடுகின்றன. என் சண்டை அதோடுதான்.

* * *

முதலில் பாடப்புத்தகம் சொல்வது என்ன என்று பார்த்துவிடுவோம். 'பிஃபோர் நூன்' என்றால் பின்னால் வருவது வெறும் பெயர். ஆகவே ப்ரெபொசிஷன். 'பிஃபோர் தி பஸ் கேம்' என்றால் பின்னால் எழுவாயும் வினையுமாக ஒரு குட்டி வாக்கியமே வருகிறது. ஆகவே கன்ஜங்ஷன். 'ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்' என்றால் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே அட்வெர்ப். ஒரே சொல், ஒரே அர்த்தம், மூன்று பெயர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் இப்படி ஒரே சொல் பல வேஷம் கட்டுவதற்கென்றே ஒரு பாடம் உண்டு. நம்மில் பாதிப் பேர் அதை உருப்போட்டு வளர்ந்தவர்கள்தான்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? கிரேக்கத்திலிருந்து. டயோனிசியஸ் த்ராக்ஸ் என்பவர் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டுக் கூடையில் போட்டது. ரோமானியர்கள் அந்தக் கூடைகளைக் கொஞ்சம் மாற்றி லத்தீனுக்கு எடுத்துக்கொண்டார்கள். லத்தீன் படித்தவர்கள் இங்கிலீஷுக்கு இலக்கணம் எழுதியபோது அதே கூடைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள்.

அந்த மொழிகளில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. லத்தீனில் ப்ரெபொசிஷன் வந்தால் பின்னால் வரும் பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப வால் மாற்றிக்கொள்ளும். எது ப்ரெபொசிஷன் என்று தெரியாவிட்டால் அடுத்த சொல்லையே சரியாக எழுத முடியாது. இங்கிலீஷில் பெயர்ச்சொற்கள் அந்த வாலை எப்போதோ உதிர்த்துவிட்டன. 'பஸ்' எங்கே வந்தாலும் 'பஸ்'தான். மாப்பிள்ளை ஊரை விட்டே போய்விட்டார். சீர்வரிசைத் தட்டு மட்டும் வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கிறது!

இதை நானாகச் சொல்லவில்லை. டென்மார்க்காரர் ஒட்டோ ஜெஸ்பெர்சன், இங்கிலீஷ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். 1924-ல் வெளியான 'இலக்கணத்தின் தத்துவம்' என்ற நூலில் இந்தப் பிரிவினையை நேரடியாகவே எதிர்த்தார். அவர் வாதம் எளிமையானது. நம் ஊர் உதாரணத்தோடு சொல்கிறேன். 'எனக்கு அவனைத் தெரியும்', 'அவன் வந்தது எனக்குத் தெரியும்'. முதலாவதில் தெரிந்தது ஆள், இரண்டாவதில் தெரிந்தது ஒரு சேதி. அதற்காக 'தெரியும்' என்பதை இரண்டு வகைச் சொல் என்று யாராவது பிரிக்கிறோமா? இங்கிலீஷிலும் 'நோ', 'பிலீவ்' போன்ற வினைகளை, பின்னால் பெயர் வந்தாலும் வாக்கியம் வந்தாலும் வினை என்றேதான் சொல்கிறோம். அப்படியிருக்க 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்' பாவங்கள் மட்டும் ஏன் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துத் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்?

அவரோடு முடியவில்லை. 2002-ல் ஹடில்ஸ்டன், புல்லம் இருவர் தலைமையில் 'கேம்பிரிட்ஜ் இங்கிலீஷ் இலக்கணம்' வந்தது. ஆயிரத்தெண்ணூறு பக்கத்துக்கு மேல். தலையணைக்கு வைத்தால் கழுத்து வலிக்கும். அதில் 'பிஃபோர் தி பஸ் கேம்' என்பதில் வரும் 'பிஃபோர்' என்ன தெரியுமா? ப்ரெபொசிஷன். கடமலைக்குண்டுப் பெண் எழுதிய அதே விடை. கேம்பிரிட்ஜ் ஒப்புக்கொள்கிறது, நம்ம வினாத்தாள் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லா இலக்கணக்காரர்களும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லவில்லை. பழைய கூடையே போதும் என்பவர்கள் இன்றும் நிறைய. பெரும்பாலான அகராதிகளும் அந்தப் பக்கம்தான். பெரியவர்களே இப்படிக் கட்சி கட்டி நிற்கிற ஒரு விஷயத்தில் பதினைந்து வயசுப் பிள்ளைக்குப் பூஜ்யம் போடுவது என்ன நியாயம் என்பதுதான் கேள்வி.

இங்கிலீஷ்காரன் வீட்டிலேயே இந்த வேலி நிற்பதில்லை. 1954-ல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சிகரெட்டுக்கு ஒரு விளம்பர வாசகம் வந்தது. அதில் 'ஆஸ்' வர வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டிருந்தார்கள். ப்ரெபொசிஷனைக் கன்ஜங்ஷன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். கம்பெனி அந்தச் சண்டையையே இன்னொரு விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. ஜனங்கள் இன்றுவரை 'லைக்'கை இரண்டு நாற்காலியிலும் உட்கார வைத்துத்தான் பேசுகிறார்கள்.

* * *

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அந்தப் பெண்ணுக்கு ஏன் குழப்பம் வந்தது? மக்கு என்பதால் இல்லை. அவள் தமிழ் நன்றாகத் தெரிந்தவள் என்பதால்!

தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மழையால் பஸ் வரவில்லை.' 'மழை பெய்ததால் பஸ் வரவில்லை.' இரண்டிலும் அதே 'ஆல்'. ஆனால் இங்கிலீஷில் முதலாவதற்கு 'பிகாஸ் ஆஃப்', இரண்டாவதற்கு 'பிகாஸ்'.

'மழையின்போது', 'மழை பெய்தபோது'. இரண்டிலும் 'போது'. இங்கிலீஷில் முன்னதற்கு 'டியூரிங்', பின்னதற்கு 'வைல்' அல்லது 'வென்'.

'அந்த மழையிலும் வந்தான்', 'மழை பெய்தும் வந்தான்'. இரண்டிலும் 'உம்'. இங்கிலீஷில் 'இன் ஸ்பைட் ஆஃப்' ஒன்று, 'தோ' ஒன்று.

'சாயங்காலம் வரை', 'பஸ் வரும் வரை'. 'திங்கட்கிழமையிலிருந்து', 'அவன் போனதிலிருந்து'. 'அப்பாவைப் போல', 'அப்பா சொன்னது போல'. நம் மொழி பெயருக்கும் வாக்கியத்துக்கும் ஒரே கொக்கியைத்தான் மாட்டுகிறது. எப்படி முடிகிறது? 'பெய்தது', 'வருவது', 'போனது' என்று வினையையே பெயர் மாதிரி ஆக்கிவிடுகிறோம். அல்லது 'பெய்த', 'வரும்' என்று எச்சமாக்கி விடுகிறோம். அப்புறம் கொக்கி மாட்டுவதில் சிரமமே இல்லை.

தொல்காப்பியர் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறார். சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஒரு தனி இயல். தனியாக நிற்காமல் பெயரையும் வினையையும் சார்ந்து நடப்பவை எல்லாம் இடைச்சொல். வேற்றுமை உருபு, உவம உருபு, சாரியை, அசைநிலை எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் என்ன வேலை பார்க்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிறார். 'உம்' ஒன்றுக்கு மட்டும் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று எட்டு வேலை கணக்குப் பண்ணியிருக்கிறார். எட்டு வேலை பார்த்ததற்காக அதை எட்டு வகைச் சொல் என்று உடைக்கவில்லை.

உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று போஸ்டர் ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள். தொல்காப்பியர் தமிழுக்கு எழுதினார், இங்கிலீஷுக்கு இல்லை. நான் சொல்ல வருவது வேறு. சொல்லின் குலம் கோத்திரத்தைக் கேட்காமல் வேலையைக் கேட்கிற ஒரு இலக்கணப் பழக்கம் நமக்கே இருக்கிறது. புதுசா ஊருக்கு வந்தவனிடம், 'தம்பி, என்ன வேலை தெரியும்?' என்று கேட்பது ஒரு வகை. 'தம்பி, நீங்க என்ன ஆளுக?' என்று இழுப்பது இன்னொரு வகை. நம் இங்கிலீஷ் வினாத்தாள் இரண்டாவது வகை. 'பிஃபோர்' இங்கே என்ன சாதி, அங்கே என்ன சாதி என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறது.

* * *

சரி, பிள்ளைகளுக்கு என்னதான் தெரிய வேண்டும்? இங்கிலீஷில் இந்தக் கொக்கிகள் இரண்டு ரகம்.

ஒரு ரகம், பின்னால் எது வந்தாலும் உருவம் மாறாதது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'சின்ஸ்', 'அன்டில்'. பெயர் வந்தாலும் அதே சொல், வாக்கியம் வந்தாலும் அதே சொல். நம்ம 'முன்', 'வரை' மாதிரி. இதில் ப்ரெபொசிஷனா கன்ஜங்ஷனா என்று தெரியாதவனும் வாக்கியத்தைச் சரியாகத்தான் எழுதுவான். தப்பு பண்ணவே வழியில்லை.

இரண்டாவது ரகம், பின்னால் வருவதைப் பார்த்து உருவம் மாறுவது. 'பிகாஸ்' - 'பிகாஸ் ஆஃப்', 'வைல்' - 'டியூரிங்', 'தோ' - 'இன் ஸ்பைட் ஆஃப்'. இங்கேதான் தமிழ்ப் பிள்ளை சறுக்கும். 'டியூரிங் ஐ வாஸ் ஸ்டடியிங்' என்று விண்ணப்பம் எழுதுகிற பட்டதாரிகள் எத்தனை பேர்! 'போது' என்றால் 'டியூரிங்' என்று எவரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அரைவாசி சரி. மீதி அரைவாசியைச் சொல்லவே இல்லை.

இப்போது சொல்லுங்கள், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? எதற்கு மார்க் போட வேண்டும்? நம் பள்ளிக்கூடத்தில் தலைகீழ். தப்பே வராத முதல் ரகத்தில் பெயர் சூட்டு விழா. தப்பு வந்தே தீரும் இரண்டாவது ரகத்துக்கு ஒரு அட்டவணை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்த எல்லோருக்கும் அந்த அட்டவணை ஞாபகம் இருக்கும். சிம்பிள் என்றால் 'இன் ஸ்பைட் ஆஃப்', காம்பவுண்ட் என்றால் 'பட்', காம்ப்ளெக்ஸ் என்றால் 'தோ'. கைடில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி நெட்டுருப் போட்டு, மறுநாள் மத்தியானம் மறந்து போவதற்கு ஏற்ற சரக்கு.

கடமலைக்குண்டுப் பெண் அந்த அட்டவணையை மறக்கவில்லை. சிம்பிள் என்றால் 'பிகாஸ் ஆஃப்' என்று சரியாகவே எடுத்திருக்கிறாள். அதற்குப் பின்னால் இருந்த 'இட் ரெய்ன்ட் ஹெவிலி' என்ற வாக்கியத்தை 'ஹெவி ரெய்ன்' என்று பெயராக மடக்க வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. 'மழை பலமாகப் பெய்ததால்' என்பதை 'பலத்த மழையால்' என்று மாற்று என்றால் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவாள். தமிழில் அவளுக்கு அது அத்துப்படி. இந்தப் பீரியடில் தமிழ் ஐயா தொழிற்பெயர், பெயரெச்சம் நடத்துகிறார். மணி அடித்ததும் அடுத்த பீரியடில் இங்கிலீஷ் டீச்சர் சிம்பிள், காம்ப்ளெக்ஸ் நடத்துகிறார். நடுவில் இருக்கும் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் போதும்.

வைக்க மாட்டார்கள். 'இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் பேசக்கூடாது' என்பது சட்டம். எனக்கு இந்தச் சட்டம் போட்டவர்களைப் பிடித்து ஒரு சரித்திரம் சொல்ல ஆசை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்றார். திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர். 1716-ல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. எந்த மொழியில்? லத்தீனில். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியதும் லத்தீனில்தான். தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத மொழிக்குள் இறங்கினார்கள். அவர்களிடம் யாரும் 'தமிழ் வகுப்பில் லத்தீன் பேசினால் அபராதம்' என்று சொல்லவில்லை. துரைமார்களுக்கு அனுமதித்த ஏணியை நம் பிள்ளைகளிடமிருந்து நாமே பிடுங்கி வைத்துக்கொள்கிறோம்.

* * *

இதைப் படித்துவிட்டு ஆங்கில ஆசிரியர்கள் கோபப்படுவார்கள். 'பெயரே சொல்லித் தராமல் எப்படி சார் இலக்கணம் நடத்துவது?' நியாயமான கேள்வி. மெக்கானிக் ஷாப்பில் போய்ப் பாருங்கள். 'பத்து - பதினொண்ணு எடுறா' என்பார் மேஸ்திரி. ஒரே ஸ்பேனர். ஒரு முனை பத்தாம் நம்பர் நட்டுக்கு, மறுமுனை பதினொன்றுக்கு. பையன் எடுத்துக் கொடுப்பான். 'இப்ப இது பத்தா பதினொண்ணா, சரியாச் சொல்லு, இல்லாட்டி சம்பளம் கிடையாது' என்று எந்த மேஸ்திரியும் கேட்பதில்லை. நட்டைப் பார்த்து முனையை மாட்டினானா என்றுதான் பார்ப்பார். பெயர் வேண்டும். பெயரே பரீட்சையாகிவிடக் கூடாது.

'போட்டித் தேர்வில் கேட்கிறார்களே?' என்பார்கள் சிலர். அவன் கேட்கிறான் என்று இவன் கேட்கிறான், இவன் கேட்கிறான் என்று அவன் கேட்கிறான். யாராவது ஒருவர் முதலில் நிறுத்த வேண்டும்.

டீச்சர்களை மட்டும் திட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், ஒரு பீரியட், முடிக்க வேண்டிய சிலபஸ். வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர் நடத்த முடியும். 'பெயர் சொல்' என்று கேட்டால் திருத்துவதும் சுலபம். ஒரு சொல் விடை, ஒரு டிக். 'மாற்றி எழுது' என்று கேட்டால் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். திருத்துகிறவரின் சௌகரியத்துக்காகக் கேள்வி, கேள்வியின் சௌகரியத்துக்காகப் பாடம், பாடத்தின் சௌகரியத்துக்காகப் பிள்ளை!

இதில் அடிபடுவது யார்? சென்னையில், கோவையில் கான்வென்ட்டில் படிக்கிற பிள்ளைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டில் அம்மா திருத்துவாள், டியூஷன் மிஸ் திருத்துவார், டி.வி. திருத்தும். பள்ளிக்கூடம் ஒரு பீரியடை வீணடித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வருசநாட்டு மலையடிவாரத்தில் அப்படி இல்லை. இதே மாவட்டத்தில் கம்பம் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிறது. இந்தப் பக்கம் மூல வைகை மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் தென்னையும் இலவம் பஞ்சும்தான் கதி. ஒரு நல்ல டியூஷனுக்கு ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ பஸ் ஏற வேண்டும். அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க இங்கிலீஷ் கிடைக்கிற இடம் அந்த ஒரு பீரியட். வாய்க்காலில் வருவதே ஒரு முறைத் தண்ணீர். அதைப் புல்லுக்குத் திருப்பிவிட்டால் பயிர் என்ன ஆகும்?

2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. சமச்சீர் வந்தது, அதற்குப் பிறகு புதுப் பாடத்திட்டமும் வந்தது. அட்டைகள் அழகாகிவிட்டன. பலகையில் எழுதும் கேள்வி மட்டும் மாறவில்லை.

* * *

ஆகவே வினாத்தாள் தயாரிக்கும் பெரியவர்களுக்கு மூன்றே மூன்று கோரிக்கை.

ஒன்று, 'கோடிட்ட சொல் என்ன வகை?' என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். அந்த மார்க்கை 'பிகாஸா, பிகாஸ் ஆஃபா?', 'வைலா, டியூரிங்கா?' என்று பொருத்தமானதை எழுதச் சொல்கிற கேள்விக்குக் கொடுங்கள்.

இரண்டு, அட்டவணையை விடுங்கள். 'கொக்கிக்குப் பின்னால் பார். யாரோ எதையோ செய்கிறார்களா, அல்லது வெறும் பெயர் நிற்கிறதா?' இந்த ஒரே சோதனையைச் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். 'மழையால்' என்றால் ஒன்று, 'பெய்ததால்' என்றால் மற்றது.

மூன்று, இங்கிலீஷ் வகுப்பில் தமிழுக்கு நாற்காலி போடுங்கள். பத்து நிமிஷம் போதும்.

கடமலைக்குண்டுத் தோழருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு இங்கிலீஷ் வரும். முதல் சுழியில் அவள் கேம்பிரிட்ஜ் பக்கம் நிற்கிறாள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவதில் அவள் தாண்ட வேண்டியது ஒரே ஒரு வாய்க்கால், அதற்கு மேலே சொன்ன அந்தச் சோதனையே போதும். பதினொன்றாம் வகுப்பில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். 'பிஃபோர்' என்ன சாதி என்ற விசாரணையை அவள் படித்து முடித்து, கேள்வித்தாள் தயாரிக்கிற இடத்துக்கு வந்து, அவளே நிறுத்தட்டும்.